புகைவீட்டில் தொங்கிய வயலின்

ஈரம் ஏறிய வயலினை ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே புகைவீட்டில் தொங்கவிடலாம் என்று யோசனை சொன்னவன், எனக்குத் தெரிந்தவரை, கெடா மாநிலத்திலேயே நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் தெரிவியுங்கள். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரத் துரைமார் திரும்பி வந்து, தோட்டங்களில் மறுபடியும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒற்றை அறைத் தமிழ்ப் பள்ளிக்கு நான் வாத்தியார். எழுத்து ஏறிய காகிதம் எது கிடைத்தாலும், மிளகாய் மடித்து வந்ததாக இருந்தாலும், படித்துவிடுகிற வியாதி எனக்கு உண்டு. அதன் பின்விளைவாக, யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுகிற வியாதியும் வந்து ஒட்டிக்கொண்டது. சந்திர கிரகணம், கோழிச் சீக்கு, துரையின் நாய் ஏன் ஊளையிடுகிறது, எல்லாவற்றுக்கும் தோட்டத்தில் என்னிடம்தான் வருவார்கள். நான் சொன்னது பலித்ததா என்று திரும்பி வந்து சொல்லும் பழக்கம் யாருக்கும் இல்லாததால் என் புகழ் பத்திரமாக இருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸர் யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்றபடி தோட்டத்து ஜனங்களின் உடம்பு மொத்தமும் டிரஸரின் பொறுப்பு. பால் வெட்டும் உளி கிழித்த கையை, ஊர்க்கதை பேசிக்கொண்டே தைத்துவிடுவார். ரத்தத்தைக் கண்டு அவர் முகம் சுளித்ததை யாரும் பார்த்ததில்லை. இதை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி வயலின் வாசிப்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தேவாரத்துக்கு அவருடைய வயலின்தான் துணை. அது அவருடைய அப்பாவின் வயலின். அப்பா யாழ்ப்பாணத்தில் சங்கீத வாத்தியார். யுத்தக் காலத்தில் அங்கே அவர் காலமான செய்தி, யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய பிறகுதான் இங்கே மகளுக்கு வந்து சேர்ந்தது. அப்பாவின் படம் ஒன்றுகூட அந்த அம்மாவிடம் இல்லை. வயலின்தான் இருந்தது. அது திருநீறு பூசிச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கும். குளிக்காமல் தொடமாட்டார். வீடோ கடுஞ்சைவம். சந்தையில் முட்டை வாங்கிய பையோடு போனால் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் வயலினுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அந்தச் சமயம் பார்த்து, தங்கையின் பிரசவத்துக்காக அந்த அம்மா தைப்பிங் போகவேண்டி வந்தது. "நான் வந்து பாக்கிறன். நீங்கள் அதில கை வையாதேங்கோ" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினார். மனைவி திரும்பும்போது வயலின் கணீரென்று ஒலித்தால் எப்படி இருக்கும் என்று கணவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தவர் நேரே என்னிடம் வந்தார்.

நான் விஞ்ஞான பூர்வமாக யோசித்தேன். நோய், மரத்தில் ஏறிய ஈரம். ஈரமான பொருளை இந்தத் தோட்டத்தில் எப்படிக் காயவைக்கிறோம்? அச்சில் ஓட்டிய ரப்பர் ஷீட்டைப் புகைவீட்டுக் கம்பில் தொங்கவிட்டு, அடியில் விறகைப் புகையவிடுகிறோம். சொட்டச் சொட்டப் போகிற ஷீட்டே காய்ந்து வருகிறதென்றால் வயலினுக்கு என்ன?

"மாஸ்டர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார் டிரஸர். என் வாழ்நாளில் நான் கேட்ட மிக ஆபத்தான வாக்கியம் அதுதான்.

அன்றே வயலினைப் புகைவீட்டில் தொங்கவிட்டோம். மறுநாள் அதை வெளியே எடுத்துக் கொடுத்தவர் அங்கே வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். வயலின் தேன் நிறத்தில் உள்ளே போயிருந்தது. கருஞ்சிவப்பில் வெளியே வந்தது. புகைபிடித்த ரப்பர் நாற்றம் தூரத்திலேயே வந்து வரவேற்றது. விளிம்பெல்லாம் வாய் பிளந்து, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, அசைத்தால் உள்ளே ஏதோ உருண்டது. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "வாத்தியாரே, இத எந்த கிரேடுல சேக்கறது? ஒண்ணாம் நம்பர் ஷீட்டா, ரெண்டாம் நம்பரா?"

டிரஸர் வயலினை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அவ சனிக்கிழமை வாறா" என்று மட்டும் சொன்னார்.

சுங்கைப் பட்டாணியில், பாசாருக்குப் பின்னால் ஒரு சந்தில், பிடில் செய்கிறவர் ஒருவர் இருந்தார். தமிழ்க் கிறிஸ்தவர். கடையின் முன்பக்கத்தில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவார். பின்பக்கத்தில் பிடில் செய்வார், பழுதும் பார்ப்பார். நானும் டிரஸரும் வயலினை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அடை மழையில் பஸ் ஏறிப் போனோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஷீட்டத் திருடி விக்கப் போறீங்களா தம்பி?" என்று ரகசியமாகக் கேட்டார்.

பட்டறை என்றவுடன் நான் மனதில் வரைந்து வைத்திருந்தது வேறு. சந்தன வாசம், மெல்லிய இசை, ஞானிபோல் ஒரு மனிதர். உள்ளே நுழைந்ததும் மூக்கில் அறைந்தது, வேகவைத்த பழைய செருப்பின் நாற்றம். எங்கு பார்த்தாலும் எலிப்பொறி. உத்தரத்திலிருந்து தலையில்லாத பிடில்களும் பிடிலில்லாத தலைகளும் தொங்கின. ஞானி, முண்டாபனியனோடு நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சீனக் கோப்பிக்கடை முதலாளியான தவுக்கேயோடு மலாயில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நாற்றத்தால் வாடிக்கையாளர் எழுந்து ஓடுகிறார்கள் என்பது தவுக்கேயின் புகார். உன் கோப்பிதான் காரணம் என்பது இவர் பதில்.

எங்களைப் பார்த்ததும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். மூட்டையைப் பிரித்தார். முகர்ந்தார். அப்புறம் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அலாமாக்! யாருலா இதுக்குப் பொகை போட்டது?"

டிரஸர் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"இந்தத் தொழில்ல எனக்கு எத்தன சூசா தெரியுமா தம்பி?" என்று ஆரம்பித்தார். அவருக்கு வேலையைவிடத் தன் துன்பத்தைச் சொல்வதில்தான் பிரியம் என்று பட்டது. "மழ வந்தா ஒட்டு காயாது. வெயில் வந்தா பலக வெடிக்கும். எலி இருக்கே எலி, அது மரத்த தொடாது. பசைய மட்டும் நக்கித் தின்னுட்டு, பலகய பிரிச்சு வச்சிட்டுப் போயிரும். ரோங்கேங் வாசிக்கிற மலாய்க்காரன் ஆட்டத்துக்கு அரை மணி இருக்கறப்ப ஓடி வருவான், இப்பவே செஞ்சு குடும்பான். தோட்டத்து ஆளுங்க அதுக்கு மேல." ஒரு பிடிலை எடுத்து நீட்டினார். விரிசல் முழுவதும் ரப்பர்ப் பால் ஊற்றி ஒட்டப்பட்டிருந்தது. "தட்டிப் பாரு. சத்தம் வராது. துள்ளும். ஆனா ஒண்ணு, இத்தன வருஷத்துல பொகைவீட்டுல தொங்கவிட்டவன் ஒருத்தனும் இல்ல."

எங்கள் வயலினைப் பலகைமேல் வைத்தார். வெண்ணெய் தடவுவதற்குரியது போன்ற மெல்லிய கத்தி ஒன்றை எடுத்தார். பிளந்த விளிம்பில் சும்மா நுழைத்துப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கோடை வெயிலில் ரப்பர்க் காய் வெடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தம். ஒன்றல்ல, வரிசையாக. பட், பட், படார். கத்தி விளிம்போடு ஒரு சுற்று வந்தது. அடுத்த கணம் வயலினின் மேல்பலகை முழுவதும், சார்டின் டின்னின் மூடிபோல, அவர் கையோடு தனியாக வந்துவிட்டது. உள்ளே வெறும் வெளிர்மரம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சாமி படத்தருகே திருநீறு பூசி வைத்திருந்த ஒன்றின் வயிற்றுக்குள் பார்ப்பது, பார்க்கக் கூடாததைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பின்னால் 'தொப்' என்றது. எத்தனையோ பேரைத் தைத்துப் போட்ட டிரஸர், தரையில் மரத்தூளில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார்.

"தண்ணி குடு, சீக்கிரம்!" என்று பட்டறைக்காரர் கத்தினார். தண்ணீர் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்போரம் ஒரு எனாமல் குவளையில் கோப்பிபோல ஏதோ வெதுவெதுப்பாக இருந்தது. சூடான கோப்பி மயக்கத்துக்கு நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். டிரஸரின் தலையை மடியில் தூக்கி வைத்து, வாயைத் திறந்து, ஒரு வாய் ஊற்றினேன்.

"டேய்! அது வஜ்ஜிரம்டா!"

வஜ்ஜிரம் என்றால் இந்திரன் கையில் இருக்கும் ஆயுதம் என்று மட்டுமே அப்போது எனக்குத் தெரியும். அவர் குவளையைப் பிடுங்கிக்கொண்டு விளக்கினார்: "பசை! மாட்டுத் தோலு, எலும்பு எல்லாம் போட்டுக் காய்ச்சற பசை!"

டிரஸர் கண்ணைத் திறந்தார். நாக்கால் உதட்டைத் தடவினார். 'மாட்டுத் தோல்' என்ற சொல் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் பட்டறையின் பின்கதவை நோக்கி ஓடியதுபோல் ஒரு மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை. வாய்க்கால் பக்கம் வெகுநேரம் இருமலும் கனைப்பும் கேட்டன.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் வேறொரு அதிர்ச்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அப்ப… இந்த வயலினும்?"

"எல்லாப் பிடிலும் இதுலதான் ஒட்டியிருக்கும். வேற எதுல ஒட்டறது, எச்சிலுலயா?"

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம். குளிக்காமல் தொடாத கை. விபூதி. வெள்ளிக்கிழமைத் தேவாரம். முட்டைப் பையை வாசலில் நிறுத்தும் வீடு. "மாஸ்டர்," என்றார் டிரஸர், "இது அவளுக்குத் தெரிஞ்சால் அதைப் பிறகு தொடவும் மாட்டா. அப்பாவின்ர எண்டு இருக்கிறது அது ஒண்டுதான்." நான் செத்தாலும் வாய் திறக்கமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பட்டறைக்காரர் எங்கள் துக்கத்தில் கலந்துகொள்ளாமல் வயலினின் உட்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். மேல்பலகையின் அடியில் பழைய விரிசல் ஒன்றுக்குச் சிறு மரத்துண்டு வைத்து ஒட்டுப்போட்டிருந்தது. அதன் ஓரத்தில் பசை வழிந்து, கட்டியாக உறைந்திருந்தது. "பாரு, எவனோ அரகொற வேல. இப்பிடியா வழியவிடுவான்? இதச் சொரண்டி எடுத்தாத்தான் சத்தம் தெறக்கும்." மழை நின்றால் சனிக்கிழமைக்குள் ஒட்டித் தருவதாகச் சொன்னார். நிற்காவிட்டால் என்று டிரஸர் கேட்டதற்கு, மேலே இருப்பவரிடம் கேட்கச் சொல்லி உத்தரத்தைக் காட்டினார்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று எழுதினால் அது தனிக் கதை. டிரஸர் பொழுதுக்கு ஒரு முறை வாய் கொப்பளித்தார். தோட்டமே எங்களைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நல்லவேளையாக மழை விட்டது.

சனிக்கிழமை காலையில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். டிரஸர் ரயிலடிக்கு, நான் பட்டறைக்கு. மனைவியைக் கோப்பிக்கடையில் உட்காரவைத்து அவர் நேரம் கடத்த, நான் வயலினோடு முன்னால் தோட்டத்துக்குப் போய் அதைச் சாமி படத்தருகே வைத்துவிடுவது என்று திட்டம். திட்டம் என்னுடையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நான் போனபோது வயலின் இன்னும் திறந்தே கிடந்தது. பட்டறைக்காரர் அப்போதுதான் பசையைச் சுடவைத்துவிட்டு, மேல்பலகையைக் குப்புறப் போட்டு, சிற்றுளியால் அந்தக் கட்டியைச் சுரண்டக் குனிந்திருந்தார். "என்ன அண்ணே இன்னும்…" என்று நான் தொடங்கும்போதே வாசலில் நிழல் விழுந்தது. டிரஸரின் மனைவி. கையில் பயணப் பெட்டி. அவருக்குப் பின்னால், மழையில் நனைந்த கோழிபோல டிரஸர். பிளாட்பாரத்தில் மனைவி "என்ன, ஒரு மாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டிருக்கிறார், மனிதர் புகைவீட்டுக் கதையை அங்கேயே ஒப்பித்துவிட்டார். பசை விஷயத்தை மட்டும் விழுங்கியிருந்தார், இரண்டாம் முறையாக.

அம்மா பிளந்து கிடந்த வயலினைப் பார்த்தபடி நின்றார். சத்தியம் ஞாபகம் வந்தது. அடுப்போரத்துக் குவளையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"கையில என்ன மாஸ்டர்?"

"கோப்பி அக்கா."

"கோப்பியெண்டால் குடியுங்கோ, பாப்பம்."

டிரஸர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அம்மா வந்து குவளையை வாங்கி, குச்சியால் பசையைத் தூக்கி, அது நூலாக இறங்குவதைப் பார்த்தார். "தண்ணி கூடிப்போச்சு" என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "என்ர அப்பா பின்வளவில அடுப்பு மூட்டி இதைத்தான் காய்ச்சுறவர். அம்மா அண்டைக்கு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு திரிவா. வயலினை எதில ஒட்டுறது எண்டு எனக்குத் தெரியாதெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"அப்ப விபூதி?" என்றார் டிரஸர், ஈனக் குரலில்.

"அது பசைக்குப் பூசுறதில்லை. அப்பாவுக்குப் பூசுறன்."

நான் டிரஸருக்கு ஊட்டிய கதையும் அப்போது வெளிவந்தது. அம்மா கணவரை மேலும் கீழும் பார்த்தார். "அதுதான் பிளாட்பாரத்தில வாய் திறக்க அவ்வளவு நேரம் எடுத்ததோ?" என்றார். பட்டறைக்காரர் சிரித்த சிரிப்பில் கோப்பிக்கடைத் தவுக்கே சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே பட்டறைக்காரர் மறுபடி உளியைக் கட்டியின்மேல் வைத்தார்.

"நிப்பாட்டுங்கோ!"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. உளி அப்படியே நின்றது. அம்மா மேல்பலகையை இரண்டு கையாலும் தூக்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நாங்களும் பின்னால் போய் எட்டிப் பார்த்தோம். கண்ணாடிபோல் உறைந்திருந்த அந்தப் பசைக் கட்டியில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. ரேகை ரேகையாக, நேற்று அழுத்தியதுபோல. ரேகைகளுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

"அப்பா தேங்காய் உரிக்கேக்க வெட்டுப்பட்ட தழும்பு," என்றார் அம்மா. "பாட்டு மறந்துபோனால் அடி விழும் எண்டு பயந்து, அந்தக் கையைப் பிடிச்சு இதைத் தடவிக்கொண்டே நிப்பன்."

தன் சுண்டுவிரல் நகத்தால் அந்தக் கோட்டை மெல்லத் தடவினார். இத்தனை காலம் அவர் தோளில் வைத்து வாசித்த பெட்டிக்குள், இருட்டில், அந்த விரல் இருந்திருக்கிறது. இன்னும் நாலு இழுப்பில் தூளாகிக் குப்பைக்குப் போயிருக்கும்.

பட்டறைக்காரர் உளியைக் கீழே வைத்தார். "அந்தக் கட்டி இருந்தா சத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் வரும்லா."

"வரட்டும்."

"ஒட்டு நல்லாத்தான் போட்டிருக்காரு," என்றார் அவர், பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டே. "பொகையில எல்லாம் பிரிஞ்சிருச்சு, இது மட்டும் பிரியல." அரைகுறை என்று முன்பு சொன்னதை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. பசையில் தண்ணீர் கூடிவிட்டது என்று அம்மா சொன்னதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பசை காய்ந்து, தந்தி பூட்டி, வயலின் கோயிலுக்குத் திரும்ப இன்னும் சில வெள்ளிக்கிழமைகள் ஆயின. சத்தம் கணீரென்று இல்லை. பழையபடி கொஞ்சம் தொண்டை கட்டித்தான் இருந்தது. அம்மா அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். டிரஸர் தூணுக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் மனதுக்குள் ஒரு கள்ளப் பெருமை. நான் அந்த யோசனையைச் சொல்லாமல் இருந்திருந்தால் வயலினை யாரும் திறந்திருக்கமாட்டார்கள், அப்பாவின் விரலும் வெளிச்சத்துக்கு வந்திருக்காது அல்லவா? ஆனால் உடனே அந்த உளியும் நினைவுக்கு வரும். மகள் வந்த ரயில் சற்றுத் தாமதித்திருந்தால் என் புத்திசாலித்தனம் அந்த விரலை இரண்டாம் முறையாகச் சாகடித்திருக்கும். என் முட்டாள்தனத்தின் நல்ல விளைவுகளுக்கு நான் பொறுப்பில்லை என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். இன்றும் யாராவது யோசனை கேட்டால் அந்தப் புகை மூக்கில் ஏறி என் வாயை அடைத்துவிடுகிறது.

தேவாரம் முடிந்து எல்லோரும் விபூதி வாங்கிக்கொண்டிருந்தபோது, புகைவீட்டு அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண்கூடக் கலங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"அம்மா நல்லாத்தான் வாசிக்கிறாங்க வாத்தியாரே. ஆனா வயலின்லேருந்து அந்தப் பொகை வாசன வர்றப்ப, கும்புட வந்த மாதிரியே இல்ல. வேலைக்கு வந்த மாதிரி இருக்கு."